எச்சமும் முற்றும்: மென்பொருள் பணிகளைப் பகுக்கக் கற்ற வரலாறு

பெரிய பணியைச் சிறு பணிகளாகப் பகுத்துச் செய்தல் மனித இனத்துக்குப் புதிதன்று. வயலைப் பாத்திகளாகப் பிரித்து நீர் பாய்ச்சியவரும், கோபுரத்தை நிலை நிலையாக எழுப்பியவரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆயினும், கணினிக்கு மென்பொருள் எழுதும் துறை, தன் பணியை எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்னும் வினாவோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போராடியது. அப்போராட்டத்தில் மக்களின் வரிப்பணம் கரைந்தது. பல்லாயிரவர் உழைப்பு வீணாயிற்று. நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய கருவிகள் உரிய காலத்தில் கைக்கு வராமற் போயின. அவ்வரலாற்றைச் சுருங்க எடுத்துரைத்து, அதனின்று ஆசிரியர்களும் மாணவர்களும் கொள்ளத்தக்கது யாது எனக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மொழியியல் பயின்றோர் மென்பொருளைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். பகுத்தலே மொழியியலின் முதல் தொழில். தொடரைச் சொல்லாகவும், சொல்லை உருபனாகவும், உருபனை ஒலியனாகவும் பகுக்கிறோம். பகுக்குந்தோறும் ஒரு வினா எழுகிறது: பகுத்தெடுத்த கூறு தனித்து நின்று பொருள் தருமா, தராதா? 'மரத்தை' என்னும் சொல்லில் 'மரம்' தனித்து நிற்கும். 'ஐ' என்னும் வேற்றுமையுருபு தனித்து நில்லாது. இரண்டும் சிறியனவே. அளவு அவற்றை வேறுபடுத்தவில்லை. தனித்து நிற்கும் ஆற்றலே வேறுபடுத்துகிறது. மென்பொருள் துறை நெடுங்காலம் காணத் தவறியது இவ்வேறுபாட்டையே என்பது நம் கருத்து.

எச்சத் தொடராய் அமைந்த திட்டம்

தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை நம் இலக்கண நூல்கள் வினையை முற்று என்றும் எச்சம் என்றும் பிரித்துக் காட்டுகின்றன. 'சமையற்காரர் அரிசி களைந்து, உலை வைத்து, காய் நறுக்கி, குழம்பு கூட்டி' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், நான்கு வினைகள் நிகழ்ந்திருந்தும் கேட்பவர் காத்தே இருக்கிறார். 'பரிமாறினார்' என்னும் முற்று வந்தாலன்றித் தொடர் முடிவதில்லை; பசித்தவர் இலையிலும் எதுவும் விழுவதில்லை. எச்சங்கள் எத்தனை அடுக்கினாலும் அவை அனைத்தும் இறுதியில் வரும் ஒரு முற்றையே நம்பி நிற்கின்றன.

1960களின் பெரிய மென்பொருள் திட்டங்கள் பலவும் இத்தகைய எச்சத் தொடர்களாகவே அமைந்தன. 'தேவைகளைத் திரட்டி, வடிவமைத்து, நிரல் எழுதி, சோதித்து, வழங்குவோம்' என்பதே அவற்றின் வாய்பாடு. இறுதி முற்று வருவதற்குள் ஆண்டுகள் கடந்தன.

ஐபிஎம் நிறுவனத்தின் பட்டறிவு இதற்குத் தக்க சான்று. 1964 ஏப்ரலில் அந்நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதனை இயக்குவதற்கான 'ஓஎஸ்/360' என்னும் மென்பொருளை உருவாக்கும் பொறுப்பைப் பிரெட் புரூக்ஸ் ஏற்றிருந்தார். பணி உச்சத்தில் இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபட்டிருந்தனர். 1963 முதல் 1966 வரை அதற்குச் செலவான உழைப்பு ஏறத்தாழ 5,000 ஆள்-ஆண்டுகள் என்று புரூக்ஸ் பின்னர்க் கணித்தார். இருந்தும் மென்பொருள் காலந்தாழ்ந்தே வந்தது.

அப்பட்டறிவைப் புரூக்ஸ் 1975இல் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்னும் நூலாக எழுதினார். காலந்தாழ்ந்த திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்னும் அவர் முடிவு இன்று 'புரூக்ஸ் விதி' என்று வழங்குகிறது. அதற்கு அவர் காட்டிய காரணம் நம் பொருளுக்கு நேராக வருகிறது. பணிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால், ஆட்களைக் கூட்டக் காலம் குறையும். நெல் அறுவடை அவ்வகைப்பட்டது. பணிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், ஒவ்வொருவரும் மற்றவர் ஒவ்வொருவரோடும் பேசித் தெளிய வேண்டும். 10 பேர் இருந்தால் அவர்களுக்கிடையே 45 இணைப்புகள் உண்டு. 20 பேர் ஆனால் 190. ஆட்கள் இரு மடங்காகும்போது பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே, ஆட்கள் குறைவு என்பதைவிடப் பணியைப் பிரித்த முறையே பெரிய குறை.

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. 'மென்பொருள் பொறியியல்' என்னும் தொடர் அம்மாநாட்டின் பெயராகவே அமைந்து உலகெங்கும் பரவியது. 'மென்பொருள் நெருக்கடி' என்னும் தொடரும் அக்காலத்தில் வேரூன்றியதே. நெருக்கடியின் கடுமை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது, மருந்திலும் இருந்தது.

மருந்தெனப் பலர் கைக்கொண்டது பின்னர் 'அருவி முறை' எனப் பெயர் பெற்றது. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு நீர் விழுவதுபோல், ஒரு கட்டம் முழுதும் முடிந்தபின் அடுத்த கட்டம் தொடங்கும். வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில் உள்ள படம் இம்முறையின் மூலமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அக்கட்டுரையில் 'அருவி' என்னும் சொல்லே இல்லை. சோதனை என்பது இறுதியில் மட்டும் வருவதால் இம்முறை இடர் மிக்கது என்று ராய்ஸ் அங்கேயே எச்சரித்து, அதனைத் திருத்தும் வழிகளையும் கூறினார். படத்தைக் கண்டவர் பலர். அடுத்த பக்கங்களைப் படித்தவர் சிலரே எனலாம். 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மென்பொருள் தரவிதி, கட்டங்களை வரிசையாக முடிக்கும் போக்குக்கு வலுவூட்டியது. ஒரு முறை அரசு ஒப்பந்தங்களில் ஏறிவிட்டால் அதனை இறக்குவது எளிதன்று.

அகராதி காட்டிய வழி

இங்கு நம் துறையின் சான்று ஒன்று தெளிவு தரும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்று இன்று அறியப்படும் பெரும்பணிக்கு 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியர் ஆனார். நான்கு தொகுதிகள், ஏறத்தாழ 6,400 பக்கங்கள், பத்தாண்டுகள் என்பது திட்டம். ஐந்தாண்டு உழைப்புக்குப்பின், 1884இல், 352 பக்கங்கள் கொண்ட முதல் பகுதி வெளிவந்தது. ஆங்கில முதலெழுத்தில் தொடங்கிய அப்பகுதி, எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்னும் சொல்லோடு நின்றது. பத்தாண்டுத் திட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீண்டு 1928இல் நிறைவுற்றது. மரே 1915இல் மறைந்தார். நிறைவை அவர் காணவில்லை.

கால மதிப்பீட்டில் இதனினும் பெரிய தவறு அரிது. ஆயினும் இப்பணியைத் தோல்வி என்பார் எவருமில்லை. ஏன்? 1884 முதல் பகுதி பகுதியாக அகராதி வாசகர் கைக்கு வந்துகொண்டே இருந்தது. வந்த பகுதி ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமை பெற்றிருந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் எழுத்துவடிவம், ஒலிப்பு, வேர், பொருள் வகைகள், காலவரிசைப்பட்ட மேற்கோள்கள் யாவும் அங்கே இருந்தன. பின்னர் வரவேண்டிய பகுதிகளுக்காக அப்பதிவு காத்திருக்கவில்லை.

வேறொரு வகையாகவும் அப்பணியைப் பகுத்திருக்கலாம். முதற் பத்தாண்டில் எல்லாச் சொற்களுக்கும் ஒலிப்பு மட்டும், அடுத்த பத்தாண்டில் எல்லாச் சொற்களுக்கும் வேர், அதற்கடுத்து மேற்கோள், இறுதியில் பொருள். அவ்வாறு பகுத்தாலும் பணிகள் சிறியனவாகவே இருந்திருக்கும். பணியாளர்க்கு ஒருவேளை வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் மரே மறைந்த நாளில் வாசகர் கையில் பொருள் கூறாத சொற்பட்டியலே மிஞ்சியிருக்கும். முன்னது பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரிப்பது. பின்னது தோல், சடை, சதை, கொட்டை எனத் தனித்தனியே குவிப்பது. அருவி முறையில் மென்பொருள் இரண்டாம் வகையாகவே பகுக்கப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இவ்வழியே வந்தது. 1913இல் தொடங்கிய அப்பணி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பும் சேர்ந்தது. பதிப்பாசிரியர்கள் மாறினர், 1926இல் ச. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்றார். ஆள் மாறினும் பணி அறுபடவில்லை. முற்றுப்பெற்ற கூறுகளாக அமைந்த பணியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் ஏற்றுத் தொடர்வது எளிது என்பதற்கு இதுவும் சான்று.

மாற்று மரபு

மென்பொருள் துறையிலும் முற்றுகளாகப் பகுக்கும் மரபு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அது பேரொலியின்றி நடந்தது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்கர்களை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டத்தின் மென்பொருள் குழு, அரை நாள் அளவேயான சுற்றுகளில் வேலை செய்தது. நிரலை எழுதுமுன் அதற்கான சோதனையை எழுதியது. 1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் அரசுப்பணிப் பிரிவு, ஹார்லன் மில்ஸ் வகுத்த நெறியில், அமெரிக்கக் கடற்படைக்கான 'லேம்ப்ஸ்' என்னும் திட்டத்தை மாதம் ஒன்றாக 45 சுற்றுகளில் நிறைவேற்றியது. 1976இல் டாம் கில்ப் தம் நூலில், பெரிய அமைப்பைச் சிறு சிறு படிகளாக வளர்த்து, ஒவ்வொரு படியிலும் உண்மையான பயனைக் காட்ட வேண்டும் என்று எழுதினார். புரூக்ஸும் 1986இல் எழுதிய கட்டுரையில், மென்பொருளைக் கட்டடம்போல் கட்டுவதினும் செடிபோல் வளர்ப்பதே தகும் என்று வற்புறுத்தினார். 1995இல் தம் நூலின் புதிய பதிப்பில் அருவி முறையை வெளிப்படையாகவே மறுத்தார்.

இம்மரபுக்குப் பெயரும் கருவியும் தந்தது 1990களின் இறுதி. கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஊழியர் சம்பளக் கணக்குக்கெனத் தொடங்கிய 'சி3' திட்டத்தில் 1996இல் கென்ட் பெக் பொறுப்பேற்றார். அங்கே வேலைகள் சிறு அட்டைகளில் எழுதப்பட்டன. ஒவ்வோர் அட்டையும் 'பயனர் கதை' எனப்பட்டது. பயன்படுத்துபவர் ஒருவர் அமைப்பைக் கொண்டு என்ன செய்ய விரும்புகிறார் என்பதை ஓரிரு வாக்கியங்களில் சொல்வதே அக்கதை.

சி3 திட்டத்தின் முடிவையும் மறைக்காது சொல்ல வேண்டும். 1997இல் அது ஏறத்தாழ 10,000 ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. மற்ற ஊழியர் பிரிவுகளைப் படிப்படியாகச் சேர்ப்பது திட்டம். ஆனால் அடுத்த பிரிவு சேராமலே காலம் கழிந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் பணி நிறுத்தப்பட்டது. உள்ளே வேலையை நுணுக்கமாக நறுக்கியிருந்தும், வெளியே வழங்கும் கூறு பெரிதாகவே இருந்துவிட்டது. செய்யும் பணியைப் பகுப்பது வேறு, வழங்கும் பயனைப் பகுப்பது வேறு என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி 'அஜைல்' என்னும் பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். இயங்கும் மென்பொருளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை, மிஞ்சினால் சில மாதங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து வழங்க வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. 2003இல் பில் வேக், நல்ல பணிக்கூறு ஒன்றுக்கு ஆறு இயல்புகளை வகுத்தார்: பிற கூறுகளைச் சாராமை, பேசித் திருத்த இடந்தருதல், பயனுடைமை, அளவை மதிப்பிட இயலுதல், சிறுமை, சோதிக்க இயலுதல். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'இன்வெஸ்ட்' என்னும் சொல்லாகும். இவ்வாறனுள் சிறுமை ஐந்தாம் இடத்திலும் சாராமை முதலிடத்திலும் நிற்பது எழுத்து வரிசையால் நேர்ந்ததாகலாம். ஆயினும் அவ்வரிசை பொருந்தியே இருக்கிறது.

ஓர் அரசுத் துறையின் இரு முயற்சிகள்

இருவகைப் பகுப்பையும் ஒரே அமைப்பு, ஒரே தேவைக்காக, அடுத்தடுத்து மேற்கொண்ட நிகழ்வு ஒன்றுண்டு. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையாகிய எஃப்பிஐயின் வழக்குக் கோப்புகளைப் பற்றியது அது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தபோது எஃப்பிஐ 1990களின் நடுவில் நிறுவப்பட்ட பழைய கணினி அமைப்பையே பயன்படுத்தி வந்தது. அலுவலகங்கள் பலவற்றில் ஐயத்துக்குரியோரின் நிழற்படங்களை மின்னஞ்சலில் அனுப்பவும் வசதி இல்லை. தகவல் ஓரிடத்தில் இருந்தும் வேண்டிய இடத்துக்குச் சென்று சேராமை உயிர்களைக் காக்கும் பணிக்கு எத்துணை இடர் என்பதை அந்நாள்கள் காட்டின. அதன்பின் 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்னும் புதிய அமைப்பை உருவாக்கும் பணி விரைவுபடுத்தப்பட்டது.

அதன் தேவைகளை விளக்கிய ஆவணம் 800 பக்கங்களைக் கடந்தது. பழைய அமைப்பை ஒரே வீச்சில் நிறுத்திவிட்டுப் புதியதை இயக்குவது என முடிவாயிற்று. இடையில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் கோரப்பட்டன. ஏறத்தாழ 7,00,000 வரிகள் கொண்ட நிரல் 2003 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டது. எஃப்பிஐ அதனை ஏற்க மறுத்தது. யார் மேல் குற்றம் என்னும் பூசல் எழுந்தது. நடுவர் ஒருவர் 59 சிக்கல்களை ஆராய்ந்து, 19க்கு எஃப்பிஐயும் 40க்கு ஒப்பந்த நிறுவனமும் பொறுப்பு எனத் தீர்த்தார். தீர்ப்பு வந்தது, மென்பொருள் வரவில்லை. 170 மில்லியன் அமெரிக்க டாலர் செலவான நிலையில் 2005இல் திட்டம் கைவிடப்பட்டது. எச்சத் தொடர் முற்றின்றியே நின்றது. புலனாய்வாளர் ஒருவர் தம் மேசையில் பயன்படுத்தத்தக்க அமைப்பு எதுவும் அத்தொகைக்கு ஈடாக எஞ்சவில்லை.

2006 மார்ச்சில் 'சென்டினல்' என்னும் பெயரில் இரண்டாம் முயற்சி தொடங்கியது. இம்முறை வேலை நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 425 மில்லியன் டாலர் செலவில் 2009 இறுதிக்குள் முடிவது திட்டம். நான்காகப் பிரித்தது முன்னேற்றமே. 2007இல் முதற் கட்டம் பயனுக்கும் வந்தது. ஆனால் இரண்டாம் கட்டம் தடுமாறியது. 2010 ஜூலையில் எஞ்சிய இரு கட்டங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வேளையில் ஒதுக்கீடு 451 மில்லியனாக உயர்ந்திருந்தது. அதில் 405 மில்லியன் செலவாகியும் இருந்தது. பழைய வழியிலேயே தொடர்ந்தால் மேலும் ஆறாண்டுகளும் 351 மில்லியன் டாலரும் வேண்டியிருக்கும் என்று வெளி மதிப்பீடு ஒன்று கூறியது.

எஃப்பிஐ பணியைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப் பணியாளர் எண்ணிக்கையை 220இலிருந்து 40 அளவுக்குக் குறைக்க முடிவு செய்தது. தேவைகள் 670 பயனர் கதைகளாக எழுதப்பட்டன. இரு வாரங்களுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் அதுவரை இயங்குவதை உரியவர் முன் இயக்கிக் காட்டுதல். காட்ட இயலாத வேலை முடிந்த வேலையாகக் கொள்ளப்படவில்லை. 2011 அக்டோபரில் பணியாளர்களைக் கொண்டு நடத்திய சோதனையில் கணினிகளின் ஆற்றல் போதாமை வெளிப்பட்டது. அதனால் காலம் மேலும் தள்ளிப்போயிற்று. எனினும் குறை வெளியீட்டுக்கு முன்னரே தெரிந்தது. 2012 ஜூலை 1 அன்று சென்டினல் எஃப்பிஐ முழுமைக்கும் பயனுக்கு வந்தது. செலவு ஒதுக்கீட்டைத் தாண்டவில்லை.

இதனைப் புதிய முறையின் அற்புதமாகக் காட்டுவோர் உண்டு. நாம் அவ்வாறு காட்ட விரும்பவில்லை. முன்னைய கட்டங்களில் கட்டப்பட்டவை சில பின்னும் உதவின. திட்டமிட்ட நாளும் ஒரு முறைக்கு மேல் தவறியது. இரு வாரக் கூறுகள் இயக்கிக் காட்டப்பட்டனவேயன்றி, அவ்வப்போதே எல்லோர் கைக்கும் சென்றுவிடவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. முதல் முயற்சியில் பயனரின் தீர்ப்பு இறுதியில் ஒரே ஒரு முறை வந்தது. வந்தபோது திருத்தக் காலமும் பணமும் இல்லை. இறுதி முயற்சியில் அத்தீர்ப்பு இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்தது.

பகுக்கலாகாதவை

எல்லாவற்றையும் பகுத்துவிடலாம், எதையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணமும் பிழையே. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற் பகுதி வருமுன்னரே பதிவின் அமைப்பு, ஒலிப்புக் குறியீடு, குறுக்கங்கள் ஆகியன வரையறுக்கப்பட வேண்டியிருந்தன. ஆயிரம் பதிவுகள் அச்சான பின் குறியீட்டை மாற்ற இயலாது. பகுத்த கூறுகள் தனித்து நிற்பதற்கு அவற்றுக்கிடையே ஒரு பொது ஒப்பந்தம் முன்கூட்டி வேண்டும்.

தமிழ்க் கணிமை இதற்கு நேரான சான்று தருகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டை அது அடியொற்றியது. உயிர்மெய்கள் பெரும்பாலும் மெய்யெழுத்து வடிவும் உயிர்க்குறியும் சேர்ந்தே அமையுமாறு விடப்பட்டன. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் இல்லை. பின்னர் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்று வாதிட்டோர் 'டேஸ்16' என்னும் குறியீட்டை வகுத்தனர். 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடோடு அதனையும் ஏற்றது. ஆனால் யூனிகோடில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்பது அதன் உறுதிப்பாட்டுக் கொள்கை. இரு தரப்பில் எது சரி என்பது இங்கு நம் வினாவன்று. எழுத்துருக்கள், விசைப்பலகைகள், தேடுபொறிகள் என அதன்மேல் எழுந்தவை எண்ணற்றவை. அவற்றை ஒவ்வொன்றாக, பலர் பல நாடுகளில் தனித்தனியே செய்ய முடிந்ததற்குக் காரணமே அடியில் உள்ளது அசையாமல் இருப்பதுதான்.

எனவே, பகுக்குமுன் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். பின்னர் மாற்றினால் சிறு செலவு ஆகும் முடிவுகளைத் தள்ளிவைக்கலாம். பின்னர் மாற்றவே இயலாத முடிவுகளை முதலில் ஆராய்ந்து எடுக்க வேண்டும். முன்னவை பல, பின்னவை மிகச் சில. எல்லா முடிவுகளையும் பின்னவையாகக் கருதியது அருவி முறையின் பிழை. எல்லாவற்றையும் முன்னவையாகக் கருதுவது இன்றைய அவசரத்தின் பிழை.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

பள்ளி ஒன்றில் மாணவர் குழு தமிழ்க் கலைச்சொல் செயலி ஒன்றை உருவாக்க முனைவதாகக் கொள்வோம். காலம் பத்து வாரங்கள். அவர்கள் முதலில் எழுதும் திட்டம் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: முதல் இரு வாரம் தரவுத்தளம் அமைத்தல், அடுத்த இரு வாரம் திரை வடிவமைத்தல், பின் தேடல் நிரல் எழுதுதல், பின் ஒலிப்பதிவு, இறுதியில் சோதனை. எட்டாம் வாரம் தேர்வு வந்து பணி நின்றால் என்ன எஞ்சும்? தரவுத்தளம் இருக்கும், திரை இருக்கும். மாணவர் எவரும் ஒரு சொல்லைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

இத்திட்டத்தைத் திருத்த நம் இலக்கணமே கைகொடுக்கும். ஒவ்வொரு பணியையும் எழுவாயும் முற்றும் உள்ள ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லலாம். அவ்வாறு எழுதும்போது, மேற்கண்ட பணிகளின் எழுவாய் எப்போதும் உருவாக்குபவரே என்பது புலனாகும்: 'நாம் தரவுத்தளம் அமைக்கிறோம்', 'நாம் திரை வடிவமைக்கிறோம்'. இலக்கணப்படி இவை முற்றுகளே. பயன்நோக்கில் இவை எச்சங்களே. எழுவாயை மாற்றச் சொல்ல வேண்டும். 'மாணவர் அறிவியற் சொற்கள் இருபதின் பொருளைப் படிக்கிறார்.' இது முதற் பணி. இதற்குச் சிறிது தரவும் சிறிது திரையும் போதும். 'மாணவர் ஒரு சொல்லைத் தேடிக் காண்கிறார்.' இது இரண்டாவது. 'ஆசிரியர் புதிய சொல்லைச் சேர்க்கிறார்.' 'மாணவர் சொல்லின் ஒலிப்பைக் கேட்கிறார்.' ஒவ்வொன்றும் முடிந்தவுடன் யாரோ ஒருவர் இதுவரை செய்ய இயலாத ஒன்றைச் செய்ய முடிகிறது. எட்டாம் வாரம் நின்றாலும் வகுப்புக்கு ஒரு செயலி இருக்கும். 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்னும் நிறுவனத்தார் பயனர் கதைக்கு வகுத்த வாய்பாடும் இதுவே: இன்னாராகிய எனக்கு, இன்ன பயன் கருதி, இன்னது வேண்டும். எழுவாய் பயனர், நோக்கம் வெளிப்படை.

ஐயம் ஒன்று எழலாம். எல்லாப் பணிகளையும் இவ்வாறு சாராதனவாக ஆக்க இயலுமா? முழுதும் இயலாது. தேடுவதற்குச் சொற்கள் முதலில் இருக்க வேண்டும். ஆனால் இருபது சொற்கள் இருந்தாலே தேடலைச் செய்து காட்டலாம். இரண்டாயிரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சார்பை ஒழிக்க இயலாவிடினும் அதனைச் சிறிதாக்க இயலும். வரிசையை மாற்ற இயலுமா என்று கேட்டுப் பார்த்தல் நல்ல சோதனை. எத்தனை பணிகளின் வரிசையை இடர்ப்பாடின்றி மாற்றலாமோ அத்தனைக்கு அப்பகுப்பு நன்று.

ஆய்வேடு எழுதும் மாணவருக்கும், பாடநூற் குழுவில் பணியாற்றும் ஆசிரியருக்கும், மன்றங்களின் தொகுப்புப் பணிகளுக்கும் இது பொருந்தும். நம் நாடுகளில் தமிழ்ப் பணிகள் பெரும்பாலும் மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும், பிற வேலைகளுக்கிடையே நடப்பவை. பணம் வரும், நிற்கும். தன்னார்வலர் வருவர், வேறிடம் செல்வர். இத்தகைய சூழலில் இறுதிநாள் வெளியீட்டையே நம்பித் தொடங்கப்படும் பெருந்திட்டம் முற்றின்றி நிற்கும் வாய்ப்பே மிகுதி. நூறு பக்கங்களில் முழுமையான ஒரு பகுதி வெளிவந்தால், அடுத்து வருபவர் நூற்றோராம் பக்கத்திலிருந்து தொடங்குவார். ஆயிரம் பக்கங்களுக்கான குறிப்புகள் மட்டும் பெட்டியில் இருந்தால், அடுத்து வருபவர் பெரும்பாலும் பெட்டியைத் திறப்பதே இல்லை.

ஆதலின், இவ்வாண்டு மாணவர் திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியர்கள் திட்ட அறிக்கையில் ஒரு நிரலைக் கூடுதலாகச் சேர்க்கலாம். பணி, பொறுப்பாளர், நாள் என்னும் வழக்கமான நிரல்களோடு, 'இது முடிந்த அன்றே இதனால் பயன் பெறுபவர் யார்?' என்னும் நான்காம் நிரல் அது. அந்நிரல் வெற்றாக இருக்கும் வரிகளை மாணவர்களோடு அமர்ந்து மீண்டும் எழுதுவதே பகுத்தலைக் கற்பிக்கும் நேரிய வழி.